நிலவுப் பயணத்திற்கு ஆணை எழுதிய பெண்மணி



நிலவில் முதன்முதலில் காலடி வைத்தவர் யார் என்று கேட்டால், தொடக்கப் பள்ளிக் குழந்தையும் தயங்காமல் ‘நீல் ஆம்ஸ்ட்ராங்’ என்று விடை கூறும். அவருடன் இறங்கியவர் எட்வின் ஆல்ட்ரின் என்பதும், இருவரும் திரும்பி வரும்வரை நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தவர் மைக்கேல் காலின்ஸ் என்பதும் பொது அறிவுப் போட்டிக்குப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அம்மூவரையும் ஏற்றிச் சென்ற கலத்திற்குள் ஒரு சிறிய கணிப்பொறி இருந்தது. கலம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் திரும்ப வேண்டும், இயந்திரத்தை எப்பொழுது முடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நொடிதோறும் கணக்கிட்டது அதுதான். அந்தக் கணிப்பொறிக்கு ஆணைகளை எழுதிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? மார்கரெட் ஹாமில்டன் என்னும் பெண்மணி. அப்பொழுது அவருக்கு வயது 32. ஒரு பெண் குழந்தையின் தாய்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் நம்மிடம், வீட்டிற்கு வரும் உறவினர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அடுத்து என்ன குரூப் எடுக்கப் போகிறாய்?” நாம் விடை சொல்லுமுன்னே, “கணக்கு கஷ்டமாயிற்றே, உன்னால் முடியுமா?” என்று அவர்களே அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுவார்கள். அக்கேள்விக்கு விடை தேடும் தோழியருக்காகவே இக்கட்டுரை. மென்பொருள் எழுதுவோர் உண்மையில் என்ன செய்கிறார்கள், அத்தொழிலில் ஒருவர் எவ்வாறு வளர்கிறார் என்பதை இந்தப் பெண்மணியின் வாழ்க்கை வழியாகக் காண்போம்.

மென்பொருள் என்பது யாது?

கணிப்பொறி தானாகச் சிந்திப்பதில்லை. நாம் சொன்னதைச் சொன்னபடி மிக விரைவாகச் செய்வதே அதன் ஆற்றல். செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிக் கொடுப்பதை ஆணைத்தொடர் என்பர். பல ஆணைத்தொடர்கள் சேர்ந்தது மென்பொருள்.

எளிய உவமை ஒன்று கூறுகிறேன். அடுப்படிக்கே போகாத ஒரு தங்கையிடம் தேநீர் போடச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். “பாலை அடுப்பில் வை, பொங்கியதும் இறக்கு, தேயிலை போட்டு வடிகட்டு” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எல்லாம் சரியாக நடந்தால் தேநீர் கிடைத்துவிடும். ஆனால் பால் திரிந்துவிட்டால்? பாதியிலேயே அடுப்பு அணைந்துவிட்டால்? அதே நேரத்தில் வாசலில் யாராவது கூப்பிட்டால்? மனிதத் தங்கை தன் அறிவைப் பயன்படுத்திச் சமாளிப்பாள். கணிப்பொறித் தங்கைக்கு அந்த அறிவு இல்லை. சொல்லாதது எதுவும் அவளுக்குத் தெரியாது. எனவே மென்பொருள் எழுதுபவர் இரண்டு கடமைகளைச் செய்ய வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்பொழுது என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுவது முதற் கடமை. எது கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்து எழுதுவது இரண்டாம் கடமை. மார்கரெட் ஹாமில்டனின் பெருமையெல்லாம் இந்த இரண்டாம் கடமையில் அடங்கியிருக்கிறது.

இளமையும் கல்வியும்

இவர் 1936-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பயோலி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏர்ல்ஹாம் கல்லூரியில் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும் தத்துவத்தைத் துணைப் பாடமாகவும் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியின் கணிதத் துறைக்குத் தலைமை வகித்தவர் ஃபிளாரன்ஸ் லாங் என்னும் பெண் பேராசிரியர். அவரைக் கண்டு, தாமும் அவரைப் போலக் கணிதப் பேராசிரியர் ஆக வேண்டும் என்று மார்கரெட் விரும்பினார். கணக்கு கற்பிக்கும் ஒரு பெண்ணைக் கண்ணால் காண்பதே மற்றொரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஊக்கம் என்பதை இதனால் அறியலாம்.

பட்டம் பெற்றபின் சில காலம் பள்ளியில் கணிதமும் பிரெஞ்சு மொழியும் கற்பித்தார். பிறகு அவருடைய கணவர் சட்டம் பயிலச் சென்றதால், குடும்பச் செலவுக்காக ஒரு வேலை தேவைப்பட்டது. 1959-இல் மாஸாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எட்வர்ட் லோரன்ஸ் என்னும் வானிலை அறிஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்நாளில் கணிப்பொறியியல் என்று கல்லூரிகளில் தனிப் பட்டப் படிப்பு கிடையாது. வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

லோரன்ஸிடம் இருந்தது எழுதுமேசை அளவிலான ஒரு கணிப்பொறி. ஆணைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டு அதற்குள் செலுத்த வேண்டும். துளை இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். வானிலையைக் கணக்கிடுவதற்கான ஆணைத்தொடர்களை மார்கரெட் இந்த இயந்திரத்திற்கு எழுதினார். லோரன்ஸ் தம் ஆய்வுக் கட்டுரையில் அவருக்கு நன்றி கூறியிருக்கிறார். சிறிய மாறுதலும் காலப்போக்கில் பெரிய விளைவைத் தரும் என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர் இதே லோரன்ஸ்தான். மார்கரெட் அங்கிருந்து செல்லுமுன், தமக்குப் பின் அவ்வேலையைச் செய்ய எல்லன் ஃபெட்டர் என்னும் இளம்பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டே சென்றார். தான் கற்றதை மறைக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போவதும் தொழில் அறங்களுள் ஒன்றன்றோ?

கடலோசை எழுப்பிய இயந்திரம்

1961 முதல் 1963 வரை லிங்கன் ஆய்வுக்கூடத்தில் ‘சேஜ்’ என்னும் திட்டத்தில் பணியாற்றினார். பகைவர் விமானங்கள் வருகின்றனவா என்று கண்டறியும் வான்பாதுகாப்புத் திட்டம் அது. அங்கே இருந்த கணிப்பொறி ஒரு பெரிய கட்டடத்தையே நிரப்பக்கூடியது.

அங்குப் புதிதாகச் சேர்வோருக்கு ஒரு சோதனை வைப்பது வழக்கமாம். யாராலும் புரிந்துகொள்ள முடியாத, ஓட வைக்கவும் முடியாத ஓர் ஆணைத்தொடரை அவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். அதை எழுதியவர் ஒரு குறும்புக்காரர். அதன் விளக்கக் குறிப்புகளையெல்லாம் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எழுதி வைத்திருந்தார். மார்கரெட் அதைப் படித்து, பிழை நீக்கி, ஓடவும் வைத்துவிட்டார். அது தந்த விடைகளும் இலத்தீனிலும் கிரேக்கத்திலுமே வந்தனவாம்!

அவரே நினைவுகூர்ந்த இன்னொரு செய்தியும் சுவையானது. அவருடைய ஆணைத்தொடர் ஓடும்பொழுது இயந்திரத்திலிருந்து கடலலை போன்ற ஓசை கேட்குமாம். ஒருநாள் நள்ளிரவில் இயந்திரத்தைக் கவனிப்பவர் தொலைபேசியில் அவரை அழைத்து, ஆணைத்தொடரில் ஏதோ கோளாறு என்றாராம். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, கடலோசை மாறிவிட்டது என்று விடை வந்ததாம். அதுமுதல் ஓசையைக் கொண்டும் பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் கற்றுக்கொண்டார். பிழையால் ஓர் ஆணைத்தொடர் நின்றுபோனாலோ, சங்கொலியும் மணியோசையும் எழும். எழுதியவர் யார் என்று பார்க்க எல்லாரும் ஓடி வருவார்கள். பிழைகள் எப்படித் தோன்றுகின்றன, அவற்றை எப்படி முன்கூட்டியே தடுக்கலாம் என்னும் ஆர்வம் தமக்கு அங்கேதான் பிறந்தது என்று அவர் கூறியுள்ளார். மற்றவர்களுக்கு வெட்கமாகத் தோன்றிய ஒன்று அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

‘மறந்துவிடு’ என்னும் ஆணைத்தொடர்

1961-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தலைவர் ஜான் கென்னடி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தார். வழிகாட்டும் கணிப்பொறியை உருவாக்கும் பொறுப்பு மாஸாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவி ஆய்வுக்கூடத்திற்குக் கிடைத்தது. தொடக்கத்தில் திட்டத்தின் கால அட்டவணையிலும் செலவுக் கணக்கிலும் மென்பொருளுக்கு இடமே இல்லை என்பது வியப்பான செய்தி. இயந்திரத்தைச் செய்துவிட்டால் போதும், ஆணை எழுதுவது சிறு வேலை என்று எண்ணிவிட்டார்கள். பின்னர் நூற்றுக்கணக்கானோர் அவ்வேலைக்கே தேவைப்பட்டனர்.

செய்தித்தாள் விளம்பரம் பார்த்து அங்கு விண்ணப்பித்துச் சேர்ந்தார் மார்கரெட். புதியவர் என்பதால் முக்கியமில்லாத வேலை ஒன்றைக் கொடுத்தனர். ஆளில்லாத கலம் ஒன்றின் பயணம் இடையில் முறிந்தால் கணிப்பொறி என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதும் வேலை. பயணம் முறியவே முறியாது என்று எல்லாரும் உறுதியாக நம்பினார்கள். ஆகவே அவர் அந்த ஆணைத்தொடருக்கு ‘மறந்துவிடு’ என்ற பொருள்படும் பெயரை வேடிக்கையாகச் சூட்டினார். ஆனால் அந்தப் பயணம் முறிந்தது! உடனே எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். அந்தப் பகுதியை அறிந்தவர் அவர் ஒருவரே. யாரும் பொருட்படுத்தாத வேலையையும் முழுமையாகச் செய்து வைத்ததால் அன்று அவர் அத்துறையின் வல்லுநர் ஆனார்.

நெய்து செய்த நினைவகம்

அப்போலோ கணிப்பொறியின் எடை ஏறத்தாழ 32 கிலோகிராம். அதன் நிலையான நினைவகத்தில் 36,864 சொற்களும், அழித்து எழுதக்கூடிய நினைவகத்தில் 2,048 சொற்களும் மட்டுமே கொள்ளும். இங்கே சொல் என்பது 16 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்தொகுதி. இன்று செல்பேசியில் நாம் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அந்த நினைவகத்தில் அடக்க முடியாது. அவ்வளவு சிறிய இடத்தில் நிலவுக்குப் போகும் வழி முழுவதையும் எழுத வேண்டியிருந்தது.

அந்த நினைவகம் எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் கேட்டால் நம் ஊர் நெசவாளர்களின் நினைவு வரும். சின்னஞ்சிறு காந்த வளையங்களை வரிசையாக அடுக்கி, அவற்றினூடே மெல்லிய செப்புக் கம்பிகளை ஊசியால் கோத்தார்கள். கம்பி வளையத்திற்குள் நுழைந்து சென்றால் அது 1. வளையத்தைத் தவிர்த்து வெளியே சென்றால் அது 0. இப்படியே ஆணைத்தொடர் முழுவதும் கம்பியாகப் பின்னப்பட்டது. வால்தம் நகரில் இருந்த தொழிற்சாலையில் இந்த நுண்ணிய வேலையைச் செய்தவர்களும் பெண்களே. ஒருமுறை பின்னிவிட்டால் மாற்றுவது எளிதன்று. வாரக்கணக்கில் செய்த வேலையைப் பிரித்து மறுபடியும் கோக்க வேண்டும். ஆகவே பின்னுவதற்கு முன்பே பிழையின்றி எழுதிவிட வேண்டும். காகிதத்தில் எழுதி அழிக்கும் வசதி நமக்கு இருக்கிறது. அவர்களுக்கு அது இல்லை.

மழலை கண்ட பிழை

மார்கரெட்டுக்கு லாரன் என்றொரு மகள். இரவிலும் வார விடுமுறையிலும் வேலை செய்ய நேரும்பொழுது, குழந்தையையும் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் செல்வார். “மகளை விட்டுவிட்டு உன்னால் எப்படி இப்படி வேலை செய்ய முடிகிறது?” என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. அதே மகளால்தான் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் விண்வெளிப் பயணத்தைப் போலவே நடத்திப் பார்க்கும் மாதிரிக் கருவி இருந்தது. விண்வெளி வீரர்கள் கணிப்பொறியுடன் பேசுவதற்கு ஒரு சிறிய விசைப்பலகை உண்டு. அதில் எழுத்துகள் கிடையாது. எண்களும், ‘வினைச்சொல்’, ‘பெயர்ச்சொல்’ என்று பொருள்படும் இரு விசைகளும், வேறு சில விசைகளும் மட்டுமே இருந்தன. வினை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது. பெயர் என்றால் எதன்மீது செய்ய வேண்டும் என்பது. நம் தமிழ் இலக்கண வகுப்பைப் போல இல்லையா? வினை 37 என்று அழுத்தி ஓர் எண்ணையும் கொடுத்தால், அந்த எண்ணுக்குரிய ஆணைத்தொடர் தொடங்கும்.

அம்மாவைப் போலத் தானும் விண்வெளிக்குப் போக விளையாடிய லாரன், விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். கலம் பறந்துகொண்டிருப்பதாக மாதிரிக் கருவி எண்ணியிருக்கும் வேளையில், 01 என்னும் ஆணைத்தொடரை அவள் தொடங்கிவிட்டாள். அது கலம் புறப்படுமுன் தரையில் இருக்கும்பொழுது மட்டுமே பயன்படுத்த வேண்டியது. கருவி குழம்பி நின்றது. கலம் எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் அழிந்துபோயிற்று.

வேறொருவராக இருந்தால், குழந்தையை இனி இங்கே கொண்டுவரக் கூடாது என்று எண்ணியிருக்கக்கூடும். மார்கரெட்டோ, இதையே ஒரு விண்வெளி வீரர் செய்துவிட்டால் என்னாகும் என்று எண்ணினார். பயணத்தின் நடுவே 01-ஐ அழுத்தினால் கணிப்பொறி அதை ஏற்காதபடி ஒரு பாதுகாப்பு ஆணையைச் சேர்க்க விரும்பினார். மேலிடம் இசையவில்லை. வீரர்கள் நன்கு பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் அப்படிப் பிழை செய்யமாட்டார்கள் என்று கூறிவிட்டனர். வேறு வழியின்றி, பயணத்தின்பொழுது 01-ஐத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற ஒரு குறிப்பை மட்டும் விளக்கக் குறிப்புகளில் எழுதிச் சேர்த்தார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் பழமொழி. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் அப்போலோ 8 புறப்பட்டது. நிலவைச் சுற்றிவந்த முதல் மனிதர்கள் அதில் சென்ற மூவரே. திரும்பும் வழியில் ஜிம் லோவெல் விண்மீன்களைப் பார்த்துக் கலத்தின் நிலையைக் கணித்துக்கொண்டிருந்தார். 01 என்னும் எண்ணுடைய விண்மீனைத் தேர்ந்தெடுக்க எண்ணியவர், தவறுதலாக 01 என்னும் ஆணைத்தொடரைத் தொடங்கிவிட்டார். லாரன் செய்த அதே செயல்! கலம் தரையில் இருப்பதாகக் கணிப்பொறி எண்ணிக்கொண்டது. அப்பொழுது அவர்கள் இருந்த இடமோ பூமியிலிருந்து பல இலட்சக்கணக்கான கிலோமீட்டர் தொலைவைக் கடந்து வரவேண்டிய வெட்டவெளி. திசை தவறினால் உயிருக்கே ஆபத்து. தரைநிலையமும் மாஸாசூசெட்ஸ் குழுவும் சேர்ந்து வழி கண்டன; புதிய விவரங்கள் தரையிலிருந்து அனுப்பப்பட்டன; லோவெல் விண்மீன்களைக் கொண்டு கலத்தின் நிலையை மீண்டும் சரிசெய்தார். மூவரும் நலமாகத் திரும்பினர். அதன்பிறகே மார்கரெட் கேட்ட பாதுகாப்பு ஆணையைச் சேர்க்க இசைவு கிடைத்தது.

லோவெல் கவனமற்றவர் அல்லர். மிகச் சிறந்த விண்வெளி வீரர்களுள் ஒருவர். களைப்பும் வேலைப்பளுவும் இருந்தால் எவருக்கும் இது நேரும். ‘நல்லவர்கள் பிழை செய்யமாட்டார்கள்’ என்று நம்பிக் கருவி செய்வது அறிவுடைமை ஆகாது. ‘நல்லவர்களும் பிழை செய்வார்கள், அப்பொழுதும் அவர்கள் பிழைத்திருக்க வேண்டும்’ என்று எண்ணிச் செய்வதே பொறுப்புடைமை.

நிலவின் வாசலில் ஓர் எச்சரிக்கை

1969-ஆம் ஆண்டு ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் ‘ஈகிள்’ என்னும் கலத்தில் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். தரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்பொழுது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கணிப்பொறி 1202 என்னும் எண்ணைக் காட்டியது. அதன் பொருள் வீரர்களுக்கு உடனே விளங்கவில்லை. இறங்குவதா, முயற்சியைக் கைவிட்டு மேலே திரும்புவதா?

நிகழ்ந்தது இதுதான். திரும்பி வரும்பொழுது தேவைப்படும் ஒரு ராடார் கருவி, மின்னோட்ட இணைப்பில் இருந்த ஒரு பொருந்தாமையால் பொருளற்ற சைகைகளைக் கணிப்பொறிக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அவற்றை எண்ணுவதிலேயே கணிப்பொறியின் நேரத்தில் 13 முதல் 15 விழுக்காடு வரை வீணாயிற்று. இறங்கும் வேளையிலோ வேலை ஏற்கெனவே நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் செய்து முடிக்க நேரம் போதவில்லை.

சாதாரணக் கணிப்பொறியாக இருந்தால் அப்படியே நின்றுபோயிருக்கும். ஆனால் இக்கணிப்பொறியில் ஒவ்வொரு வேலைக்கும் எது முந்தியது, எது பிந்தியது என்று தகுதி வரிசை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த அமைப்பின் அடிப்படையை வகுத்தவர் ஹால் லேனிங் என்னும் அறிஞர். நெருக்கடி வந்ததும் கணிப்பொறி, கையிலிருந்த வேலைகளை ஒரு கணம் உதறிவிட்டு, கலத்தைச் செலுத்துவது போன்ற இன்றியமையாத வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. முக்கியமில்லாதவற்றை ஒதுக்கி வைத்தது. “வேலை மிகுந்துவிட்டது, முக்கியமானதைச் செய்துகொண்டிருக்கிறேன்” என்று அது சொன்ன செய்தியே 1202.

தரைநிலையத்தில் ஜாக் கார்மன் என்னும் 24 வயது இளைஞர், இத்தகைய எச்சரிக்கை எண்களையெல்லாம் முன்பே பட்டியலாகக் கையால் எழுதி வைத்திருந்தார். சில நாள்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கை வந்தபொழுது, தேவையில்லாமல் இறக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள். அதன் பிறகு தயாரித்த பட்டியல் அது. அவர் சொல்ல, 26 வயதான ஸ்டீவ் பேல்ஸ் ‘தொடரலாம்’ என்று முடிவு கூறினார். இறங்கி முடிப்பதற்குள் அத்தகைய எச்சரிக்கை ஐந்து முறை வந்தது. ஐந்து முறையும் கணிப்பொறி தன்னைத் தானே மீட்டுக்கொண்டது. ஈகிள் நிலவில் இறங்கியது.

உலகமே கைகொட்டி மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால், வருமுன் காப்பதற்காகப் பல ஆண்டுகள் இரவும் பகலும் எழுதித் திருத்திய ஒரு குழுவின் உழைப்பு இருந்தது. அவர்கள் எழுதிய ஆணைகளை அச்சிட்ட தாள்களை அடுக்கி, அதன் அருகில் மார்கரெட் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று உண்டு. அந்த அடுக்கு அவர் உயரத்திற்கு இருக்கும்!

பெயரும் பெருமையும்

கட்டடம் கட்டுவோருக்கும் இயந்திரம் செய்வோருக்கும் பொறியாளர் என்ற மதிப்பு இருந்தது. மென்பொருள் எழுதுவோருக்கு அந்நாளில் அந்த மதிப்பு இல்லை. எனவே மார்கரெட் தம் வேலையை ‘மென்பொருள் பொறியியல்’ என்று அழைக்கத் தொடங்கினார். முதலில் பலர் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டனர். 1968-இல் அன்றைய மேற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாடும் அதே பெயரைத் தாங்கியது. இன்று அப்பெயரில் பல்கலைக்கழகங்களில் பட்டங்களே வழங்கப்படுகின்றன.

அப்போலோவில் கண்ட பிழைகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்த அவர், ஒருவர் எழுதிய பகுதி மற்றொருவர் எழுதிய பகுதியோடு சேரும் இடங்களிலேயே பெரும்பாலான பிழைகள் தோன்றுகின்றன என்று கண்டார். தொடக்கத்திலேயே அத்தகைய பிழைகள் நேராதபடி எழுதும் முறையை உருவாக்க 1976-இல் ஒரு நிறுவனத்தை மற்றொரு பெண்மணியுடன் சேர்ந்து தொடங்கினார். 1986-இல் தம் பெயரிலேயே மற்றொரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

2003-ஆம் ஆண்டு நாசா அவருக்குச் சிறப்பு விருதும் 37,200 டாலர் பரிசும் அளித்தது. அதுவரை தனி ஒருவருக்கு நாசா அளித்த பரிசுத் தொகைகளுள் அதுவே மிகப் பெரியது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் அமெரிக்கக் குடிமக்களுக்குரிய மிக உயர்ந்த விருதான விடுதலைப் பதக்கத்தைத் தலைவர் பராக் ஒபாமா அவருக்கு அணிவித்தார். நிலவுப் பயணம் முடிந்து 47 ஆண்டுகளுக்குப் பின் வந்த பெருமை அது. பெருமை வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. வேலையைச் செய்துகொண்டே இருந்தார்.

நாம் கற்க வேண்டியவை

தோழியரே! இப்பெண்மணியின் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடங்களைச் சிந்தித்துப் பார்ப்போம்.

முதலாவது, சிறிய வேலை என்று எதையும் இகழக் கூடாது. ‘மறந்துவிடு’ என்று பெயரிட்ட வேலையையும் மறந்துவிடாமல் செய்ததே அவருக்குப் பெரிய பொறுப்புகளைத் தேடித் தந்தது.

இரண்டாவது, பிழையைக் கண்டு வெட்கப்படுவதோடு நின்றுவிடாமல், அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். கணக்கில் மதிப்பெண் குறைந்தால் விடைத்தாளைப் பைக்குள் மறைப்பது நம்மில் பலருக்கும் வழக்கம். அந்தத் தாளை விரித்து, எந்தப் படியில் தவறினோம், கூட்டலிலா, குறி மாற்றியதிலா, கேள்வியைப் படித்ததிலா என்று பார்த்தால் அதுவே நமக்கு ஆசிரியர் ஆகிவிடும். தோழி ஒருத்தி பிழை செய்யும்பொழுதும் அவளைப் பார்த்துச் சிரிப்பதைவிட, அதே இடத்தில் வேறு யாரும் தவறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று எண்ணுவது மேல்.

மூன்றாவது, எதை முதலில் செய்வது என்பதை அமைதியான நேரத்திலேயே தீர்மானிக்க வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவில் எல்லாப் பாடமும் ஒன்றாக வந்து மோதும். அப்பொழுது வரிசை போட மனம் இடம் கொடாது. கணிப்பொறிக்கு வரிசை எழுதியது நிலவின்மேல் அன்று. பல மாதங்களுக்கு முன், ஆய்வுக்கூடத்தின் மேசைமேல்.

நான்காவது, நாம் சொல்லும் நல்லதை மற்றவர் உடனே ஏற்காமல் போகலாம். மார்கரெட் கேட்டதும் மறுக்கப்பட்டது. அவர் சண்டையிட்டு வேலையை விட்டுவிடவில்லை. ‘எனக்கென்ன’ என்று வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. தம்மால் செய்யக்கூடிய சிறிய செயலை, ஒரு குறிப்பை எழுதி வைப்பதையாவது, செய்தார். பெரியவர்களிடம் பணிவாக இருப்பதும், சரி என்று பட்டதைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஐந்தாவது, இது தனி ஒருவர் செய்த அருஞ்செயல் அன்று. லேனிங், கார்மன், பேல்ஸ், கம்பி பின்னிய பெண்கள் என எத்தனையோ பேர் இதில் உண்டு. பிறர் பங்கை ஒப்புக்கொள்பவரே தலைமைக்குத் தகுதியானவர்.

இனி, நம் உறவினர் கேட்ட கேள்விக்கு வருவோம். “கணக்கு கஷ்டமாயிற்றே, உன்னால் முடியுமா?” கணக்கு எளிது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் நிலவிலிருந்து மனிதர்களைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்த கணக்கை, கையில் குழந்தையுடன் இரவில் விழித்திருந்து ஒரு பெண் போட்டிருக்கிறார். எல்லாரும் மென்பொருள் எழுத வேண்டும் என்பது என் கருத்தன்று. சிலர் செவிலியர் ஆகலாம். சிலர் ஆசிரியர் ஆகலாம். சிலர் வரலாறு படிக்கலாம். ஆனால் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தாலும் விருப்பத்தால் தேர்ந்தெடுப்போம். அச்சத்தால் எதையும் ஒதுக்காதிருப்போம். நம் வேலையை நம்பி ஓர் உயிர் எங்கோ இருக்கிறது என்று எண்ணி அதைச் செய்வோம். அப்படிச் செய்பவளுக்கு எந்தப் பாடமும் எட்டாத உயரமன்று.

— பத்தாம் வகுப்பு மாணவி